ஹெரால்டை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது: ஏற்காடு ஏற நினைப்பவர்களுக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் முதலில் பெயின்டைப் பற்றிக் கேட்பார்கள், அடுத்து எஞ்சினைப் பற்றி. பிரேக் பேச்சை எடுப்பவர் அபூர்வம். சேலத்தில் இருந்துகொண்டு இந்த வரிசையில் வேலையைத் தொடங்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வண்டியை வெளியே எடுத்தால் வேறு எங்கே போகப்போகிறோம்? அடிவாரத்தைத் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது எஞ்சின் மக்கர் செய்தால் ஓரங்கட்டிவிட்டு வேடிக்கை பார்க்கலாம். இறங்கும்போது பிரேக் போனால் ஓரங்கட்டக்கூட முடியாது. அதனால் வண்டி நிற்பதை முதலில் பாருங்கள், அப்புறம் திரும்புவதை, கடைசியில்தான் ஓடுவதை. பெயின்ட் அடுத்த வருஷம்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ட்ரையம்ப் கம்பெனி 1959இல் இங்கிலாந்தில் வெளியிட்ட காரை, சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் 1961 முதல் தயாரித்தது. 948 சிசி எஞ்சின், இத்தாலிய வடிவமைப்பாளர் மிச்செலோட்டி வரைந்த உடல். இது ஸ்போர்ட்ஸ் காரா என்று கேட்பவர்களுக்கு: 1962இல் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், இதே ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி அதன்மேல் இரண்டு சீட் உடலை வைத்ததுதான். சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் நடந்த ரேஸில் ஹெரால்டுகள் ஓடியிருக்கின்றன. உங்களிடம் இருப்பது ஸ்பிட்ஃபயர் என்றாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

காகித விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 15 வருஷம் தாண்டிய சொந்தக் காருக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் 'வின்டேஜ்' பதிவு ஒன்று வந்தது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பதிவில் வண்டியைக் கண்காட்சிக்கும் ராலிக்கும் ரிப்பேருக்கும் பெட்ரோல் போடவும் எடுக்கலாமே தவிர, நினைத்தபோது ஓட்ட முடியாது. பழைய ஆர்.சி. உயிரோடு இருந்தால் அதையே புதுப்பித்துக்கொண்டு போங்கள்.

இடமும் ஸ்பேனரும்

ஹெரால்டில் புதியவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பானெட் மட்டுமல்ல, இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து மொத்த மூக்கும் முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை செய்யலாம். சமதளமான சிமென்ட் தரை, கொஞ்சம் நிழல், வண்டிக்கு முன்னால் பானெட் கவிழ இடம். இவ்வளவு போதும்.

ஸ்பேனரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இது இன்ச் கணக்கு வண்டி. கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் செட்டில் 13 எடுத்து அரை இன்ச் நட்டில் போட்டால் உட்காரும், ஆனால் லேசாக ஆடும். துருப்பிடித்த நட்டில் அந்த ஆட்டமே போதும், மூலைகள் மழுங்கி நட் உருண்டையாகிவிடும். 7/16, 1/2, 9/16, 3/4 அளவுகளில் ரிங் ஸ்பேனர் வாங்கி வையுங்கள். கூடவே மெல்லிய இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், கிரீஸ் கன் இரண்டு. ஏன் இரண்டு என்பது கீழே வரும்.

ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஹாலோ பிளாக் அடுக்கி அதன்மேல் நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு நான்கு வாங்குங்கள், சேசிஸ் சட்டத்துக்கு அடியில் வையுங்கள், தரைத் தகட்டில் அல்ல. இன்னொன்று: பின்பக்கத்தைத் தூக்கி இறக்கியதும் பின்சக்கரங்கள் இரண்டும் கீழ்ப்பக்கம் உள்ளே மடங்கி, வண்டி குந்தி எழுந்ததுபோல் உயரமாக நிற்கும். பயப்பட வேண்டாம். ஒவ்வொரு பின்சக்கரமும் தன் அச்சோடு தனியாக மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆக்ஸில் அமைப்பு அப்படி. முன்னும் பின்னும் நாலடி தள்ளினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஸ்டாண்டில் இருக்கும்போதே ஒரு ஸ்க்ரூடிரைவரால் சேசிஸைத் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்று கேட்டால் சரி. 'பொத்' என்று கேட்டால் உள்ளே துரு. ஏற்காட்டுப் பனியிலும் மழையிலும் எஸ்டேட் ஷெட்டில் நின்ற வண்டி என்றால் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் சட்டங்களை விடாமல் பாருங்கள். கீழே சேலத்து வெயிலில் நின்ற வண்டியில் துரு குறைவாக இருக்கும், ரப்பர் எல்லாம் வெடித்திருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ரப்பர் வெடித்ததைத்தான் வாங்குவேன். ரப்பரைக் கடையில் வாங்கிவிடலாம்.

முதல் வேலை: பிரேக்

பழைய ஹெரால்டில் பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றுதான், லைனும் ஒன்றுதான். இந்தக் காலத்து வண்டிகள்போல ஒரு லைன் போனாலும் இன்னொன்று காப்பாற்றும் ஏற்பாடு கிடையாது. எங்கே ஒழுகினாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. அதனால் 'ஒழுகவில்லையே, இருக்கட்டும்' என்ற பேச்சே வேண்டாம். நீண்ட நாள் நின்ற வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர் கிட், ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஹோஸ் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே ஊதிப்போய் வழியை அடைத்திருக்கும். பிரேக் பிடித்து விட்ட பிறகும் ஒரு சக்கரம் மட்டும் இறுக்கமாகவே சுற்றினால் முதலில் அந்த ஹோஸைச் சந்தேகப்படுங்கள்.

பிரேக் ஆயில் டாட் 4 போடுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் மலை இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால், பெடல் பஞ்சாக உள்ளே போகும். ஆகவே 2 வருஷத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்ற வேண்டும். பாதி காலியாகித் திறந்தே கிடந்த டப்பாவை ஊற்றாதீர்கள். எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் முழுக்க ஊறிக் கெட்டுவிடும்.

ஏர் எடுப்பதற்கு, அதாவது பிரேக் லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற, இரண்டு பேர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமாக இருக்கும் சக்கரத்தில் தொடங்குங்கள். நம் வலதுபக்க ஸ்டியரிங் வண்டியில் அது இடது பின்சக்கரம். பிறகு வலது பின், இடது முன், கடைசியில் வலது முன். வீல் சிலிண்டரில் காற்றை வெளியேற்ற இருக்கும் நிப்பிளில் ட்யூபைச் செருகி மறுமுனையை ஆயில் இருக்கும் பாட்டிலில் முக்குங்கள். உள்ளே இருப்பவர் பெடலை அழுத்தியதும் நிப்பிளைத் திறந்து, பெடல் அடியைத் தொடும் முன் மூடி, 'விடு' என்று சொல்லுங்கள். குமிழி நிற்கும்வரை இப்படியே. மேலே டப்பாவில் ஆயில் தீர்ந்துவிடாமல் ஒரு கண் இருக்கட்டும், தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து.

இரண்டாவது வேலை: முன்சக்கரத்து ட்ரன்னியன்

இந்த ஒரு பகுதியையாவது நிதானமாகப் படியுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றினால், சக்கரம் மாட்டும் நிமிர்ந்த இரும்புத் தண்டு ஒன்று தெரியும். அதன் மேல்முனையில் பந்து மூட்டு. கீழ்முனையில் மரை. அந்த மரை, வெண்கல நிறத்தில் இருக்கும் ஒரு கட்டிக்குள் திருகி நிற்கிறது. அந்தக் கட்டிதான் ட்ரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் முன்னும் பின்னும் திருகிக்கொண்டே இருக்கும். வண்டியின் முன்பாதி எடை அங்கேதான் தாங்குகிறது.

அங்கே ஊற்ற வேண்டியது ஆயில். கிரீஸ் அல்ல. தொழிற்சாலை சொன்னதும் அதுதான். கிரீஸ் மரையின் இண்டு இடுக்குக்குள் ஏறாது. நாளானால் காய்ந்து கட்டியாகி, பிறகு ஆயில் விட்டாலும் வழிவிடாது. இடையில் தண்ணீர் புகுந்து தண்டு உள்ளேயே துருப்பிடித்து, ஒருநாள் திரும்பும்போது முறியும். சக்கரம் அப்படியே மட்கார்டுக்குள் மடங்கிவிடும். நேர் ரோட்டில் மெதுவாகப் போகும்போது நடந்தால் அதிர்ஷ்டம். ஏற்காட்டு வளைவுகளில் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பிக்கொண்டே போவதால், இந்த மரைக்கு அங்கேதான் வேலை அதிகம்.

பட்டறைக்கு வண்டியை விட்டால் இந்தப் பேச்சு கட்டாயம் வரும்:

"அண்ணா, நிப்பிள் இருக்குதுங்களே, கிரீஸ் அடிச்சு விட்டுறட்டுங்களா?"

"வேண்டாம் தம்பி. அதுக்கு ஆயில்தான். கன் நான் கொண்டு வந்திருக்கேன்."

அந்தத் தம்பி மேல் தப்பில்லை. அவர் பார்க்கும் மற்ற எல்லா வண்டியிலும் நிப்பிள் என்றால் கிரீஸ்தான். இரண்டாவது கிரீஸ் கன் இதற்காகத்தான்: அதில் இபி 90 கியர் ஆயிலை நிரப்பித் தனியாக வையுங்கள். கன் ஓரமாக ஒழுகும், பழைய பனியனைச் சுற்றிக்கொள்ளுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ட்ரன்னியனில் நிப்பிளுக்குப் பதில் அடைப்பு ஸ்க்ரூ இருந்தால் கழற்றி நிப்பிளைப் போட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை முழுக்க இடதும் வலதுமாகத் திருப்பிக்கொண்டிருக்க, நீங்கள் அடியுங்கள். முதலில் கறுப்பாகவோ செம்மண் நிறத்திலோ அழுக்கு வரும். மரைக்கு மேலிருக்கும் ரப்பர் ஓரத்தில் சுத்தமான ஆயில் கசியும்வரை விடாதீர்கள். எவ்வளவு அடித்தும் மேலே வரவில்லை என்றால் உள்ளே பழைய கிரீஸ் அடைத்திருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்துதான் ஆகவேண்டும். கழற்றும்போது கவனம்: ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. மாற்றிப் போட முயல வேண்டாம். தண்டில் துருக்குழி விழுந்திருந்தால் அதைக் குப்பையில் போடுங்கள். வெல்டு வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கம்பெனிக் கணக்கு 6,000 மைல். நாம் அவ்வளவு ஓட்டப்போவதில்லை, அதனால் காலண்டரைப் பாருங்கள்: மழைக்கு முன் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை.

அதே இபி 90 கியர்பாக்ஸுக்கும் ஆகும், ஆனால் டப்பாவில் ஜிஎல்-4 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஜிஎல்-5 ஆயிலில் இருக்கும் சேர்மானம் பித்தளைப் பாகங்களை அரிக்கக்கூடும்.

டயர் சுலபம். 145/80 ஆர் 13 பொருந்தும். மாருதி வண்டிகளுக்கு வரும் அளவு என்பதால் ஊரிலேயே கிடைக்கும். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். 1211 என்றிருந்தால் 2011ஆம் வருஷத்து டயர். அதில் மலை ஏறக் கூடாது.

பெட்ரோல்

இப்போது பங்கில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 60களில் செய்த ரப்பர் இதைத் தாங்காது. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும், பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். எத்தனால் டேங்கில் படிந்த பழைய பிசினையும் துருவையும் கிளப்பி விடும், அதனால் முதல் சில மாதம் ஃபில்டரை அடிக்கடி பாருங்கள். அது தண்ணீரையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு நிறுத்துவது நல்லது.

ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000 பிப்ரவரியோடு நின்றுபோனது. பழைய எஞ்சின் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் பாதுகாப்பு. ஹெட்டை எப்போது கழற்றினாலும் கடினமான வால்வு சீட் போட்டுவிடுங்கள். அதற்காகவே கழற்ற வேண்டியதில்லை. அளவாக ஓட்டும் வண்டியில் அது மெதுவாகத்தான் தேயும்.

எஞ்சின்

நீண்ட நாள் நின்ற எஞ்சினை எடுத்த எடுப்பில் செல்ஃப் அடிக்காதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளுங்கள். எஞ்சின் சுற்றினால் நிம்மதி. பழைய ஆயிலை வடித்து 20டபிள்யூ-50 போடுங்கள். மெல்லிய நவீன ஆயில் இதற்கு வேண்டாம்.

இன்னொரு சின்னச் சோதனை. பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அது முன்னே தள்ளப்பட்டால், கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அதோடு ஓட்டினால் பிளாக்குக்கே கேடு. வாங்கும் முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிட்டால் விலை பேச வசதி.

டேப்பெட் அட்ஜஸ்ட் செய்வது, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே சரியான இடைவெளி வைப்பது, வீட்டில் கற்றுக்கொள்ள அருமையான வேலை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வால்வு மூடியைக் கழற்றினால் முன்னாலிருந்து பின்னால் வரிசையாக 8 வால்வு. 1 முதல் 8 வரை எண்ணிட்டுக்கொள்ளுங்கள். கணக்கு இதுதான்: ஒரு வால்வு முழுக்க அழுந்தித் திறந்திருக்கும்போது, அதன் எண்ணோடு கூட்டினால் 9 வரும் வால்வைச் சரிசெய்ய வேண்டும். 8 திறந்திருந்தால் 1, 6 திறந்திருந்தால் 3, 4 திறந்திருந்தால் 5. இடைவெளி எல்லாவற்றுக்கும் 0.010 இன்ச், லேத்காரர் மொழியில் பத்து தௌ. ஃபீலர் கேஜின் பத்தைச் செருகி முன்னும் பின்னும் இழுத்தால், கையில் லேசான பிடிப்பு தெரிய வேண்டும். தாராளமாக வழுக்கினால் இடைவெளி அதிகம், செருகவே அடம்பிடித்தால் குறைவு. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே சுற்றிவிடும், எனவே இறுக்கிய பிறகு இன்னொரு தரம் கேஜை விட்டுப் பாருங்கள். லேசாக டிக் டிக் என்று சத்தம் வந்தால் பரவாயில்லை. சத்தமே இல்லாமல் இறுக்கி வைத்தால்தான் வால்வு எரியும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டின் இடைவெளி பதினைந்து தௌ, பிளக் இருபத்தைந்து தௌ, ஃபயரிங் வரிசை 1-3-4-2. பிளக் ஒயர்களைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

பாட்டரியைத் தொடும் முன் ஒன்று. அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் சேசிஸோடு சேர்ந்திருக்கும். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். எது எர்த் என்று பார்க்காமல் எலெக்ட்ரானிக் இக்னிஷனோ மொபைல் சார்ஜரோ மாட்டினால் புகைதான் மிச்சம்.

தண்ணீர்

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். வீட்டில் சுடுதண்ணீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் படியும் உப்பு ரேடியேட்டர் குழாயிலும் அப்படியே படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் போடுங்கள். வண்டி சூடானால் 'தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிங்க' என்பார்கள். அது நோயை விட்டுவிட்டு தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம். அடைப்பு ரேடியேட்டரில் இருக்கும், இல்லை பிளாக்கில் இருக்கும். அதை எடுக்க வேண்டும்.

மே மாதத்தில் ஏற்றத்தில் எஞ்சின் திணறி நின்று, அரை மணி கழித்துத் தானே ஸ்டார்ட் ஆனால், அது பெரும்பாலும் பெட்ரோல் லைனிலேயே ஆவியாகும் கோளாறு. பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடும் அம்பாசடர் காலத்து வைத்தியம் இதற்கும் பலிக்கும். நிரந்தரமாகச் சரியாக, பெட்ரோல் பைப்பை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி ஓட்டுங்கள்.

மலை ஏறும் முன்

முதல் ஓட்டம் தெருவுக்குள். இரண்டாவது, கோரிமேடு வழியாக அடிவாரம் வரை போய்த் திரும்புங்கள். வீட்டுக்கு வந்ததும் நான்கு சக்கரத்தின் நடுவிலும் கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போயிருக்கிறது. நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் மூன்றாவதாக மேலே.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்று மெலிவதால் கார்புரேட்டர் கலவை கொஞ்சம் ரிச் ஆகும் (காற்றுக்குப் பெட்ரோல் கூடிவிடும்), இழுவை குறையும். ஒருநாள் பயணத்துக்கு, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை மாற்ற வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், எத்தனால் பெட்ரோல் கலவையை லீன் (அதாவது காற்று கூடியதாக) ஆக்குகிறது, உயரம் ரிச் ஆக்குகிறது. பழைய ஜெட்டோடு கீழே கொஞ்சம் முரண்டு பிடிக்கும் வண்டி, மேலே போனதும் சமத்தாக ஓடினால் ஆச்சரியப்படாதீர்கள்.

இந்த வண்டி 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். கொண்டை ஊசி வளைவில் பெரிய கார்கள் எதிர்ப்பக்கத்தைக் கடன் வாங்கும் இடத்தில் நீங்கள் உங்கள் பக்கத்திலேயே சுற்றிவிடலாம். அந்தச் சுகத்தில் வேகம் வைக்காதீர்கள். வேகமாக நுழைந்து பாதி வளைவில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென விட்டால், பின்சக்கரம் கீழே உள்ளே மடங்கி வால் வெளியே வீசும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சீரான ஆக்ஸிலேட்டரில் சுற்றி வெளியே வாருங்கள். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். ஏறி வருகிறவருக்கு வழிவிடுங்கள். பெடல் பஞ்சுபோல் தோன்றினால் அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தி, அரை மணி ஆறவிட்டுக் கிளம்புங்கள்.

வெளியில் கொடுக்க வேண்டியவையும் உண்டு: ஹெட் ஃபேஸ் செய்வது, கிராங்க் கிரைண்டிங், ரேடியேட்டர் திறந்து சுத்தம் செய்வது, பிரேக் ஷூவுக்கு லைனிங் அடிப்பது. லாரிகளை நம்பி வாழும் வட்டாரம் இது. லேத்துக்கும் லைனிங்குக்கும் பஞ்சமில்லை. லாரிக்காரர் சாமான் என்று நினைத்துத் தடிமனாக அடித்துவிடாமல் இருக்க, பழைய ஷூவை டிரம்மோடு சேர்த்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

டிக்கியில் ஃபேன் பெல்ட், பாயிண்ட் செட், கண்டென்சர், ரேடியேட்டர் ஹோஸ் கிளிப், 5 லிட்டர் தண்ணீர், பிரேக் ஆயில் பிரிக்காத டப்பா ஒன்று, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க இரண்டு மரக்கட்டை. போனில் ரெக்கவரி வண்டிக்காரர் நம்பர். கூப்பிடும்போதே காரைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு போகும் வண்டியாகக் கேளுங்கள். முன்பம்பரில் கயிறு கட்டி இழுத்தால் பம்பர் மட்டும்தான் சேலம் வந்து சேரும்.